ரிட்டர்ன் டிக்கெட்

ஒரு செமஸ்டர் வெளிநாட்டுல படிக்கலாம்னு பிளான் பண்றீங்களா? சிஜிபிஏ, ஐஇஎல்டிஎஸ், விசா, செலவுக் கணக்குன்னு எக்செல் ஷீட் ரெடியா இருக்கும். அதை ஒரு அஞ்சு நிமிஷம் மினிமைஸ் பண்ணிட்டு, 1882-ல கப்பலேறிய ஒரு கெமிஸ்ட்ரி மாணவரோட கதையைப் படிங்க. பேரு பிரபுல்ல சந்திர ராய்.

1861 ஆகஸ்ட் 2 அன்று, இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து படிப்பே நின்றுபோனது. நாமா இருந்தா 'கேப்' விழுந்துடுச்சேன்னு புலம்பியிருப்போம். அவர் அப்பா சேர்த்து வைத்திருந்த புத்தகங்களை எல்லாம் படித்துத் தள்ளினார்.

கல்லூரிக்கு வந்தது கல்கத்தாவில். கட்டணம் குறைவு என்பதால் மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் அறிவியல் வகுப்புகளுக்கு மட்டும் பிரசிடென்சி கல்லூரிக்குப் போய் உட்காருவார். அங்கே பார்த்த சோதனைகளைத் தங்கியிருந்த அறையிலேயே ஒரு நண்பரோடு செய்து பார்த்ததில், ஒருமுறை கருவி வெடித்தேவிட்டது! நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெளிநாடு போகணும்னு ஆசை. ஆனா குடும்பச் சொத்து கடனில் கரைந்துகொண்டிருந்தது. ஒரே வழி, கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வு. லத்தீன், பிரெஞ்சு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஓரிருவரைத் தவிர யாரிடமும் சொல்லாமல் படித்தார். அந்த ஆண்டு தேர்வானவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ராய்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள். வழிகாட்டி அலெக்சாண்டர் கிரம் பிரவுன். லேபிலேயே மூழ்கிவிடவில்லை. 1885-ல் இந்தியாவின் நிலை பற்றி ஒரு கட்டுரைப் போட்டி நடந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சியை அவர்கள் மண்ணிலேயே விமர்சித்து எழுதினார். பரிசு கிடைக்கவில்லை. தானே அதை அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தார். 1887-ல் டி.எஸ்ஸி. பட்டம்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் நாம கவனிக்க வேண்டியது. 1888-ல் கல்கத்தா திரும்பினார். வேலை இல்லை! உயர்ந்த கல்விப் பணியிடங்கள் கிட்டத்தட்ட முழுக்க ஆங்கிலேயர்களுக்குத்தான். ஏறக்குறைய ஓராண்டு, நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கிக் காத்திருந்தார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் கிடைத்தது தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி. மாதம் 250 ரூபாய். அவர் படித்த படிப்புக்கு அது மிகக் குறைவு.

மனசு விட்டுப்போக இது போதும். அவர் சுற்றிப் பார்த்தார். படித்த இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கு அலைகிறார்கள்; மருந்துகள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 1892-ல் சுமார் 700 ரூபாய் முதலீட்டில், வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். பாஸ்பேட் எடுக்க மாட்டு எலும்புகளை மாடியில் காயவைக்க, நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அந்த வீடுதான் 1901-ல் பெங்கால் கெமிக்கல் நிறுவனம் ஆனது. இன்றும் இயங்குகிறது.

இடையில் ஆராய்ச்சியும் நிற்கவில்லை. நிலையாக இருக்காது என்று கருதப்பட்ட மெர்க்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்து 1896-ல் அறிவித்தார். மேகநாத் சாகா, சத்யேந்திர நாத் போஸ் இருவரும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை, அறிவியல் கல்லூரியிலேயே ஒரு எளிய அறையில் வாழ்ந்தார். 60 வயதுக்குப் பிறகு வந்த சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். 1944 ஜூன் 16 அன்று மறைந்தார்.

எல்லாரும் திரும்பி வந்தே ஆகணும்னு சொல்லலைங்க. உங்க ஒரு செமஸ்டர் அவரோட ஆறு வருஷம் மாதிரியும் இல்லை. ஆனா ராய்க்கு உதவித்தொகை போற வழியை மட்டும்தான் காட்டுச்சு. திரும்பி வந்து என்ன பண்றதுன்னு அவரேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்போ அந்த எக்செல் ஷீட்டைத் திறங்க. அங்கே எந்த லேப்ல, எந்தக் கருவியில, யார்கிட்ட கத்துக்கப் போறீங்க? அதை இங்க வந்து யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போறீங்க? செலவுக் கணக்குக்குப் பக்கத்துலயே இதுக்கும் ஒரு காலம் போட்டுடுங்க.