கல்லறையைத் திறந்த மன்னிப்பு



ஆகஸ்ட் மாதம் 16ஆம் திகதி ஹங்கேரி நாட்டின் முதல் அரசராகிய புனித ஸ்தேவானைத் திருச்சபை நினைவுகூருகின்றது. ஒரு தேசத்தையே கிறிஸ்துவிடம் அழைத்துச் சென்றவர் என அவரைப் போற்றுகின்றோம். ஆயினும் அவரது அரியணையின் அருகே இரத்தக்கறையும் இருந்தது. அக்கறை எவ்வாறு கழுவப்பட்டது என்பதை இன்று நீங்கள் சிந்திக்க வேண்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டான்யூப் நதிச் சமவெளியில் குடியேறிய மாஜ்யார் மக்கள், குதிரைகளில் விரைந்து அயல்நாடுகளைக் கொள்ளையிட்டு வந்தனர். அவர்களது தலைவர் கேசா திருமுழுக்குப் பெற்றிருந்தும் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதை விட்டுவிடவில்லை. அவருடைய மகன் வாய்க் திருமுழுக்கில் ஸ்தேவான் என்னும் பெயரைப் பெற்று, பவாரிய இளவரசி கிசெலாவை மணந்தார்.

997இல் கேசா இறந்தபோது, குலத்தில் மூத்தவருக்கே ஆட்சி உரியது என்னும் பழைய வழக்கின்படி உறவினரான கொப்பானி போர் தொடுத்தார். ஸ்தேவான் வென்றார். கொப்பானியின் உடல் நான்கு கூறாக்கப்பட்டுக் கோட்டை வாயில்களில் தொங்கவிடப்பட்டதாக வரலாற்றேடுகள் கூறுகின்றன.

பாப்பரசர் இரண்டாம் சில்வெஸ்தரின் இசைவுடன், 1000ஆம் ஆண்டு நத்தார் தினத்திலோ 1001ஆம் ஆண்டின் முதல் நாளிலோ ஸ்தேவான் முடிசூட்டப்பட்டார். எஸ்டர்கோம் நகரில் பேராயர் பீடம் எழுந்தது. பத்துக் கிராமங்கள் சேர்ந்து ஓர் ஆலயம் கட்ட வேண்டும் என்றும், திருவுடைகளை அரசரும் குருவையும் நூல்களையும் ஆயரும் வழங்க வேண்டும் என்றும் சட்டம் இயற்றினார். எருசலேமுக்குச் செல்லும் திருப்பயணிகளுக்குத் தம் நாட்டின் வழியே பாதை திறந்தார். உரோமையிலும் எருசலேமிலும் அவர்கள் தங்குவதற்கு இல்லங்கள் அமைத்தார்.

நல்லொழுக்கத்தில் வளர்க்கப்பட்ட அவருடைய மகன் எமெரிக், 1031இல் காட்டுப்பன்றி வேட்டையில் உயிரிழந்தார். வாரிசற்ற அரசர் தம் சகோதரியின் மகன் பேதுருவை வாரிசாக நியமித்தார். ஆட்சியுரிமை பெற்றிருந்த மற்றோர் உறவினரான வாசுலின் கண்கள் பிடுங்கப்பட்டன. காதுகளில் உருக்கிய ஈயம் ஊற்றப்பட்டது. அவருடைய மூன்று புதல்வரும் நாடு கடந்தனர். 1038 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, தம் நாட்டை அவ்வன்னையிடம் ஒப்படைத்து ஸ்தேவான் கண்மூடினார்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் உருண்டோடின. 1083இல் ஸ்தேவானைப் புனிதராக உயர்த்த முன்வந்த அரசர் யார் தெரியுமா? கண்ணிழந்த வாசுலின் பேரன் லதிஸ்லாஸ்! தம் பாட்டனார் எவரது ஆட்சியில் இருளில் தள்ளப்பட்டாரோ, அவரையே பீடத்தில் ஏற்றி வணங்க அவர் துணிந்தார்.

எனினும் கல்லறையை மூடியிருந்த கல் அசையவில்லை என மரபு கூறுகின்றது. மூன்று நாட்கள் நோன்பிருந்தும் பயனில்லை. லதிஸ்லாஸ் தம்முடன் அரசுரிமைக்காகப் போராடிய உறவினர் சாலமோனைச் சிறையில் அடைத்திருந்தார். அவரை விடுவிக்கும்வரை கல் அகலாது எனக் கன்னித்துறவி ஒருவர் அறிவித்தார். அரசர் கீழ்ப்படிந்தார், சிறைக்கதவு திறந்தது, கல்லும் எளிதாக விலகியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி ஸ்தேவான் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்நாளே இன்றும் ஹங்கேரியின் தேசிய விழாவாகும்.

பழைய காயத்தை மன்னித்த லதிஸ்லாசின் கையிலேயே தம் கைதியின் சிறைத்திறவுகோலும் இருந்தது. முன்னோர் இழைத்த தீமையை மன்னிப்பது நமக்குச் சில வேளை எளிதாகலாம். நாமே அடைத்து வைத்திருப்பவரை விடுவிப்பதோ கடினம். காணிப் பிணக்கினாலோ கடுஞ்சொல்லினாலோ நீங்கள் பேசாமல் விலக்கி வைத்திருக்கும் உறவினர் எவரேனும் உளரா? இந்த ஞாயிறு திருப்பலிக்குச் செல்லுமுன் அவரது வீட்டு வாயிலுக்குச் சென்று வாருங்கள். அசையாத கல்லும் அசையும்.