ஓவியத்திற்கு உயிர் தந்த வைத்தியர்: ஒசாமு தெசூக்கா

வைத்தியப் பரீட்சையிற் சித்தியெய்திய ஒருவர் நோயாளரைப் பாராது, சிறுவர்க்குப் படங் கீறுதலையே தம் வாழ்நாட் டொழிலாகக் கொண்டாரெனின், பெற்றோரும் உற்றோரும் என் சொல்வர் என்பதை எம் கல்லூரி மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. யப்பான் தேசத்து ஒசாமு தெசூக்கா அத்தகைய ஒருவர். தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஓடும் அசையுஞ் சித்திரக் கதைக்கு ஏற்ற பாத்திரத்தை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதற்கு அவர் கண்ட வழியும், அவ்வழிக்கு அவர் கொடுத்த விலையுமே ஈண்டு நாம் கூறப் புகுவன.

அன்னார் 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி ஒசாக்காவை அடுத்த தொயொநாக்காவிற் பிறந்து, தக்கராசூக்கா நகரில் வளர்ந்தார். கண்ணாடி அணிந்த மெலிந்த சிறுவர். தலைமயிரோ சுருண்டு மேலெழுந்து நிற்கும். அதனைக் காட்டி உடன் படித்தோர் எள்ளி நகைத்தனர். தந்தையார் வீட்டில் வைத்திருந்த சிறு படக்கருவியிலே வோல்ற் டிஸ்னியின் சித்திரங்களைக் கண்டு களித்தார். வண்டுகளைத் தேடிச் சேர்ப்பதிலும் அவர்க்குப் பேராவல். தம் பெயரோடு பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைச் சேர்த்தே புனைபெயராக்கிக் கொண்டார். ஆரம்பப் பாடசாலையில் அவர் கீறிய சித்திரக்கதைக் கொப்பி ஒருநாள் ஆசிரியர் கையில் அகப்பட்டது. அது ஆசிரியர் அறையிற் கைக்குக் கை மாறி வாசிக்கப்பட்டதேயன்றிக் கிழித்தெறியப்படவில்லை. எம் காலத்தில் அத்தகைய கொப்பிகளுக்கு நேர்ந்த கதி வேறு.

யுத்தம் அவரைத் தொழிற்சாலை வேலைக்கு இழுத்தது. ஒசாக்கா மீது பெய்த குண்டு மழையில் மயிரிழையில் உயிர் தப்பினார். 1945ஆம் ஆண்டில் ஒசாக்காவில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். வைத்திய நூல்களோடு தூரிகையையும் அவர் விட்டாரல்லர். 1947இல் வெளியான 'புதிய புதையல் தீவு' இளைஞரிடையே அவரைப் புகழ்பெறச் செய்தது. 1952இல் வைத்தியராகத் தகுதி பெற்றார். 1961இல் நத்தையின் விந்தணுக்களை ஆராய்ந்து நரா வைத்தியப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இத்துணையும் பெற்றவர் சித்திரமே போதும் என்று இருந்துவிட்டார்.

1952 முதல் சிறுவர் சஞ்சிகையொன்றில் அவர் வரைந்த 'அத்தொம்' என்னும் இயந்திரச் சிறுவனே அவர் படைத்தவர்களுட் பெயர் பெற்றவன். அப்பெயர் அணுவைக் குறிப்பது. வீதி விபத்தில் மைந்தனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அவனைப் போலவே ஓர் இயந்திரப் பிள்ளையைச் செய்கின்றார். பிள்ளை வளரவில்லை என்று கண்டதும் வெறுத்துக் களரிக்கு விற்றுவிடுகின்றார். பெரிய மூக்குடைய வேறொரு பேராசிரியர் அவனை மீட்டு வளர்க்கின்றார். நூறாயிரம் குதிரைவலு உடைய அச்சிறுவனுக்குத் தந்தையின் அன்பு மாத்திரம் கிட்டவில்லை. இத்துயரமே அவ்வுருவின் உயிர்நிலை என்பது எம் கருத்து.

இனி அவ்வுருவின் அமைப்பை நோக்குவோம். பெரிய வட்டக் கண்கள், வெற்றுடல், கறுப்பு அரைக்காற்சட்டை, சிவப்புச் சப்பாத்து. தலையிலே கொம்பு போல் மேலெழுந்த இரு மயிர்க் கூர்கள். அவன் எத்திசை திரும்பினும் அவ்விரு கூர்களும் மறையாமல் தெரியும். மிக்கி மவுஸின் இரு காதுகளும் எப்பக்கத்தினின்றும் வட்டமாகவே தெரிதல் போன்றது இது. மெய்யுலகில் இஃது இயலாது. ஆயினும் பார்ப்பவர் கண் அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. நிழலுருவாகக் காட்டினும் அவன் இன்னான் எனக் குழந்தை அறிந்து கொள்ளும். தெசூக்கா தம் பாத்திரங்களை நடிகர் கூட்டம் போலவே பேணினார். ஒரு கதையில் வில்லனாக வந்தவர் மறு கதையில் வேறு பெயருடன் வருவார். அவரவர்க்கு இவ்வளவு சம்பளம் என விளையாட்டாகப் பட்டியலும் எழுதி வைத்திருந்தார்.

1961இல் தமது பூச்சிப் பெயராலேயே 'முஷி' என்னும் சித்திரக்கூடத்தை அவர் தொடங்கினார். 1963ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி அத்தொம் பூஜி தொலைக்காட்சியில் தோன்றினான். வாரந்தோறும் அரைமணி நேரம் ஓடிய இத்தகைய தொடர் யப்பானில் அதுவே முதலாவது. ஈண்டுதான் இடர்ப்பாடு. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். படமொன்றை இரு முறை பிடித்தாலும் வினாடிக்கு 12 ஓவியம் வேண்டும். இருபத்தைந்து நிமிடத்திற்கு 18,000. ஒரு வாரத்தில் இதனை யார் வரைவர்? தெசூக்காவின் கூட்டத்தார் ஓர் ஓவியத்தை மூன்று முறை பிடித்தனர். பேசும்போது வாயை மட்டும் அசைத்தனர். பறக்கும் அத்தொமை ஒருமுறை வரைந்து, பின்னணியை மாற்றிப் பலமுறை பயன்படுத்தினர். சில வேளை உருவை அசையாமலே நிறுத்தினர். இவ்வாறு ஓர் அங்கம் இரண்டாயிரம் ஓவியம் அளவில் முடிந்தது.

அமெரிக்காவிலும் இச்சிக்கனம் அறியப்பட்டதே. ஹனா, பார்பெரா இருவரின் கூடத்திற்கு எட் பெனடிக்ற் அமைத்த யோகி கரடிக்குக் கழுத்துப் பட்டி இருப்பது அழகுக்கு மட்டுமன்று. உடலை அசைக்காது தலையை மட்டும் மாற்றி வரையும்போது இணைப்பு தெரியாதிருத்தற் பொருட்டேயாம். ஆயின் அவர்கள் நகைச்சுவையை நாட, தெசூக்கா துயரக் கதையை நாடினார். அசையாத முகமும் பார்ப்போரை இருத்தி வைக்கவேண்டின் அம்முகத்திற் கதை இருத்தல் வேண்டும். பெரிய கண்கள் அதற்கே பயன்பட்டன.

அத்தொம் 1966 டிசம்பர் 31 வரை 193 அங்கங்கள் ஓடினான். 1963இலேயே 'அஸ்ட்ரோ போய்' என்னும் பெயருடன் அமெரிக்கா சென்றான். மெய்ஜி நிறுவனத்தின் சொக்கலேற்றோடு வந்த அவனது ஒட்டுப்படங்களுக்குச் சிறுவர் ஏங்கினர். இறுதி அங்கத்திலே உலகைக் காக்கச் சூரியனை நோக்கிப் பறந்து சென்றான்.

புகழுக்குப் பின்னே கடன் வளர்ந்தது. ஆக்கச் செலவிலும் மிகக் குறைந்த விலைக்கே தெசூக்கா தொடரை ஒப்புக்கொண்டிருந்தார். குறைந்ததைத் தம் சித்திரக்கதை வருவாயாலும், பொம்மை முதலியவற்றின் உரிமையாலும் நிரப்பினார். பின்வந்த ஓவியரின் ஊதியம் நெடுங்காலம் தாழ்ந்து கிடந்தமைக்கு அவ்விலையே காரணம் என்று அத்துறையிற் குறை கூறுவோர் உளர். அக்குறை முற்றும் பொய் என்று நாம் சொல்லத் துணியோம். எனினும் அவ்விலைக்கு அவர் இசையாதிருப்பின் அத்தொம் அன்று திரையேறியிருப்பானோ என்பதும் ஐயமே. இரவு பகலாகத் துஞ்சாது வரைந்த இளைஞர்க்கு இவ்வாதம் ஆறுதலாகாது.

1971இல் அவர் தலைமையை விட்டு நீங்கினார். 1973இல் முஷிக் கூடம் முறிந்தது. கடன் அவரையும் சூழ்ந்தது. அவர் காலம் முடிந்தது என்று பலர் கருதிய அவ்வாண்டின் இறுதியிலேதான் 'பிளக் ஜாக்' என்னும் சத்திரவைத்தியரின் கதையை வரையத் தொடங்கினார். தாம் கைவிட்ட வைத்தியம் ஆபத்தில் அவரைக் கைவிடவில்லை. புத்தர் பெருமானின் சரிதத்தையும் 1972 முதல் 1983 வரை சித்திரக்கதையாக வரைந்தார்.

இரைப்பைப் புற்றுநோய் கண்டு வைத்தியசாலைப் படுக்கையிற் கிடந்தபோதும் அவர் வரைதலை விட்டிலர். 1989ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, அறுபதாம் வயதில் உயிர் நீத்தார். பீதோவனின் வாழ்வைக் கூறும் 'லுட்விக் பி'யும், 'நியோ பவுஸ்ற்' என்னும் கதையும் முடிவுறா நிலையில் அவர் மேசையில் இருந்தன.