உலோக ஆய்வுக்கு ஊரைத் தந்த வள்ளல் அழகப்ப செட்டியார்

பங்சாரில் இன்று அடுக்குமாடிகள் எழுந்திருக்கும் நிலம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அந்தக் காலத்து மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் முதலீடு செய்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஆர்.எம். அழகப்ப செட்டியார். கல்வி வள்ளலாக அவரை அறிவோம். உலோக அறிவியலுக்கு அவர் செய்த கொடையை அறிந்தோர் குறைவு.

1909 ஏப்ரல் 6-ஆம் தேதி, செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். சென்னையில் ஆங்கில இலக்கியம் பயின்று, லண்டனில் வழக்கறிஞரானார். விமானம் ஓட்டவும் கற்றார். பின்னர் கேரளத்தில் துணி ஆலை தொடங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார்.

1947 ஆகஸ்டில் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அப்போது இந்திய அரசு தேசிய ஆய்வுக்கூடங்களை நிறுவி வந்தது. டெல்லி, புனே, ஜம்ஷெட்பூர் போன்ற நகரங்களுக்கே அவை கிடைத்தன. மழை குறைந்த சிற்றூரான காரைக்குடிக்கும் ஒன்று வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார் அழகப்பர். 1948 ஜூலை 25-ஆம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது.

உலோகங்கள் ஏன் அரிக்கின்றன, அதை எப்படித் தடுப்பது என்பது அதன் முக்கிய ஆய்வுகளுள் ஒன்று. மெக்னீசியத் தயாரிப்பிலும் அது ஈடுபட்டது. மெக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தது. ஆனால், தனியாக இருந்தால் மென்மையானது. உப்பு ஈரம் பட்டால் விரைவில் அரித்துவிடும்.

அதனுடன் 9 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் கலந்தால் கடினமாகும். சிறிதளவு மாங்கனீசு, இரும்புக் கலப்பின் தீங்கைக் குறைக்கும். இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவை மிகச் சிறிய அளவு மிஞ்சினாலும் அரிப்பு பன்மடங்காகும். இன்று சில மடிக்கணினிகளின் உறையும் கார் ஸ்டீயரிங் சட்டமும் இத்தகைய கலவைகளால் ஆனவை. நம் நாட்டைப் போன்ற ஈரமான, கடல் சூழ்ந்த நாடுகளில் இந்த ஆய்வின் அருமை அதிகம்.

அழகப்பர் விஞ்ஞானி அல்லர். தம் ஊர்ப் பிள்ளைகள் விஞ்ஞானிகளாக வேண்டும் என்று விரும்பியவர். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி, 48-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், காலமானார். மலாயா விடுதலை பெற அப்போது ஐந்து மாதங்கள்கூட இல்லை.

அவர் தொடங்கிய கல்விப் பணி, 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமாக வளர்ந்தது. செட்டிநாட்டுக்குச் செல்லும் மலேசியக் குடும்பங்கள் அரண்மனை வீடுகளைப் பார்ப்பதோடு, இந்த ஆய்வகம் இருக்கும் இடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.