தம் மண்ணின் பேச்சைத் திரையேற்றியவர்

ஒரு மொழி பல நிலங்களிற் பரவுங்காலத்து, அவ்வந்நிலத்தின் இயல்பைப் பற்றிக்கொண்டு வெவ்வேறு வழக்காய் மலரும் என்பது இலக்கணங் கற்றார்க்குப் புதிய செய்தியன்று. இலண்டன் மாநகரத்தார் பேசுவதும் ஆங்கிலமே. அமெரிக்கர் பேசுவதும் ஆங்கிலமே. அவுஸ்திரேலியர் பேசுவதும் ஆங்கிலமே. ஆயினும் ஒருவர் வாய்திறந்த அளவிலேயே அவர் பிறந்த மண் யாதென்பதைச் செவி உணர்ந்துவிடும். அவுஸ்திரேலிய மக்கள் தம் இல்லங்களிலே தொலைக்காட்சிப் பெட்டியை முதன்முதல் வைத்த காலத்தில், அதனுள்ளிருந்து எழுந்த நாடகக் குரல்களுள் அவர்தம் சொந்தக் குரல் பெரும்பாலும் இல்லாதிருந்தது. அக்குறையைத் தீர்த்தற்குத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஹெக்டர் குரோபோர்ட் என்பார். கலைத்துறையில் ஈடுபாடுடையார் யாவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அன்னாருடையது.

ஹெக்டர் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14ஆம் நாள், விக்டோரியா மாநிலத்தின் தலைநகராகிய மெல்பேணிற் பிறந்தார். அவர்க்கு ஈராண்டு மூத்தவர் டொரதி என்னும் தமக்கையார். இல்லம் இசை வளர்ந்த இல்லம். சிறுவயதிலேயே ஹெக்டர் அந்நகரின் தூய பவுல் பேராலயப் பாடகர் குழுவிற் சேர்ந்து பாடினார். பின்னர் இசைக்கல்லூரியிற் பயின்று, வாத்தியக் குழுவை நடத்தும் ஆற்றல் பெற்றார். தொலைக்காட்சியைப் பற்றி எவரும் கனவுங் காணாத அந்நாளில், இசையே அவர்தம் வாழ்வாக இருந்தது.

1938ஆம் ஆண்டளவில் மெல்பேண் தாவரவியற் பூங்காவிலே, திறந்த வெளியில், எல்லா மக்களும் வந்து கேட்டு மகிழத்தக்க இசைநிகழ்ச்சிகளை அவர் தொடங்கினார். மக்களுக்கான இசை என்பது அவற்றின் பெயர். உயர்ந்தோர் மண்டபங்களுக்குள் அடைபட்டிருந்த இசையைப் புற்றரையில் அமர்ந்து கேட்கக் குடும்பம் குடும்பமாக மக்கள் திரண்டனர். நல்ல கலையைப் பொதுமக்கள் விரும்பார் என்று கூறுவோர் எந்நாட்டிலும் உளர். அவர் கூற்றுப் பொய் என்பதைத் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே ஹெக்டர் கண்கூடாகக் கண்டுகொண்டார். பின்னாளில் அவர் மேற்கொண்ட போராட்டம் முழுவதற்கும் இதுவே வித்து எனலாம்.

1945ஆம் ஆண்டில் தம்பியும் தமக்கையுமாக இருந்த இவ்விருவரும் கூடி, வானொலி நிகழ்ச்சிகளைத் தயாரித்து நிலையங்களுக்கு விற்கும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தனர். மெல்பேணிற் பிறந்து உலகப் புகழ்பெற்ற பாடகியாகிய மெல்பா அம்மையாரின் வாழ்க்கையைத் தொடர்நாடகமாக்கி 1946இல் ஒலிபரப்பினர். அதன்கண் பாடிய கிளென்டா றேமண்ட் என்னும் நங்கையே 1950இல் ஹெக்டரின் வாழ்க்கைத் துணைவியாராயினார். மோபில் குவெஸ்ட் எனப்பெற்ற பாட்டுப் போட்டியையும் இந்நிறுவனம் நடத்தியது. 1950ஆம் ஆண்டு அப்போட்டியில் முதலிடம் பெற்றவர், பின்னர் உலக அரங்குகளை ஆண்ட ஜோன் சதர்லண்ட் என்பது நினைவுகூரத்தக்கது. இவற்றோடு, விக்டோரியாப் பொலிஸாரின் உதவியுடன் உண்மை வழக்குகளைத் தழுவி டி-24 என்னும் நாடகத்தொடரையும் அவர்கள் ஒலிபரப்பினர். டி-24 என்பது அம்மாநிலப் பொலிஸாரின் செய்தித்தொடர்பு அறையின் பெயராகும்.

தொலைக்காட்சி வருகின்றது என்ற செய்தி கேட்டு, வானொலித் தயாரிப்பாளர் பலர் அஞ்சினர், சிலர் அசட்டையாயிருந்தனர். குரோபோர்ட் நிறுவனத்தாரோ 1954இலேயே நடிகர்க்குப் புதிய ஊடகத்தின் நெறிகளைப் பயிற்றும் பட்டறை ஒன்றை அமைத்துவிட்டனர். 1956ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் சிட்னியிலும், நவம்பர் மாதம் ஒலிம்பிக் விழாவையொட்டி மெல்பேணிலும் ஒளிபரப்புத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே புதுமணத் தம்பதியர் பங்குகொள்ளும் வினாவிடை நிகழ்ச்சி ஒன்றை ஹெக்டர் தொலைக்காட்சிக்கு அளித்தார்.

ஆயினும் நாடகம் என்று வந்தபோது வாயில் அடைபட்டே இருந்தது. அவுஸ்திரேலியாவின் குடித்தொகை அன்று ஒரு கோடிக்கும் குறைவு. பெருஞ் சந்தையையுடைய அமெரிக்க நாட்டில், போட்ட முதலை அங்கேயே மீட்டுக்கொண்ட நாடகங்கள் மிகக் குறைந்த விலைக்குப் பிறநாட்டு நிலையங்களுக்கு விற்கப்பட்டன. உள்நாட்டிலே ஒரு மணிநேர நாடகம் ஆக்குதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து அமெரிக்க நாடகமொன்றை வாங்கிவிடலாம். ஆகவே வர்த்தக நிலையத்தார் வாங்கினரேயன்றி ஆக்க முற்படவில்லை. மேலும், நாடகத்தில் அவுஸ்திரேலியப் பேச்சைக் கேட்டால் அந்நாட்டு மக்களே நகைப்பர் என்ற எண்ணமும் அவர்பால் வேரூன்றியிருந்தது. சொந்த வழக்கை இழிவென்று கருதும் நோய் எத்துணைக் கொடியது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1959ஆம் ஆண்டில் ஹெக்டர் இந்நிலையை விளக்கிச் சிறுநூலொன்று எழுதி, அரசினர்க்கும் அறிஞர்க்கும் வழங்கினார். உள்நாட்டு நாடகங்கள் இவ்வளவேனும் ஒளிபரப்பப்படல் வேண்டும் என்று சட்டம் வரையறுக்க வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. இக்குரல்களின் விளைவாக, மூதவையின் உறுப்பினர் வின்சென்ட் தலைமையிலே விசாரணைக் குழுவொன்று அமைந்தது. 1956 முதல் 1963 வரை ஒளிபரப்பான நாடகங்களுள் நூற்றுக்கு 97 பிறநாட்டிலிருந்து வந்தவை என அக்குழு 1963இல் அறிவித்தது. அவ்வறிக்கை பாராளுமன்றத்திலே விவாதிக்கப்படாமலே கிடப்பிற் போடப்பட்டது. ஹெக்டர் சோர்ந்தாரல்லர். சட்டம் செய்யாததைத் தம் செயலாற் காட்ட முனைந்தார்.

அதற்குமுன் 1961 முதலாக நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் நாடகமொன்றை அவர் நடத்தி வந்தார். அதில் நடிகர்க்கு முழு வசனமும் எழுதித் தரப்படவில்லை. கதைக்குறிப்பை அறிந்துகொண்டு அவர்களே இயல்பாகப் பேசினர். மக்கள் தம் பேச்சைக் கேட்டு நகைக்கவில்லை என்பது அதனாற் புலனாயிற்று. இதனைத் தொடர்ந்து 1964ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் 20ஆம் நாள், கொலைக்குற்றம் எனப் பொருள்படும் ஹொமிசைட் என்னும் தொடர் மெல்பேணின் ஏழாம் அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று.

மெல்பேண் றஸல் வீதியில் நின்ற பொலிஸ் தலைமையகத்திலிருந்து துப்பறிவோர் வெளிவந்து காரிலேறும் காட்சி, அந்நாட்டாரின் நினைவில் நீங்காது பதிந்தது. தாம் நாளும் நடக்கும் தெருவும், தாம் அறிந்த துறைமுகமும், தம் அயலாரின் பேச்சும் திரையிலே தோன்றக்கண்ட மக்கள் வியந்தனர். ஜோன் பேகன், டெரி மக்டெர்மொட் முதலியோர் முதலில் நடித்தனர். நாட்டுப்புறக் கதைப்பாடல்களை ஓதுவதிற் பெயர்பெற்ற லெனாட் டீல் பின்னர் வந்து சேர்ந்தார். அமெரிக்க நாடகங்களைப் பின்தள்ளி முன்னணியில் நின்ற அத்தொடர் 1977 வரை, 500க்கு மேற்பட்ட பகுதிகளாக வளர்ந்தது.

ஏனைய நிலையத்தாரும் அவரை நாடிவந்தனர். 1969இல் ஒன்பதாம் அலைவரிசைக்கு நகர்ப்புறப் பொலிஸ் நிலையமொன்றைக் களமாகக் கொண்ட டிவிஷன் 4 என்னும் தொடரையும், 1971இல் மூன்றாவது வர்த்தக நிலையத்தொகுதிக்கு நாட்டுப்புறச் சிற்றூரைக் களமாகக் கொண்ட மட்லொக் பொலிஸ் என்னும் தொடரையும் அளித்தார். ஒன்றோடொன்று போட்டியிட்ட மூன்று தொகுதிகளும் ஒரே நிறுவனத்தின் நாடகங்களை ஒளிபரப்பியமை அரிய நிகழ்ச்சியாகும்.

இவ்வளவு பெருமையும் எய்திய பின்னர், நிலையத்தாரோடு இணங்கியிருந்து பொருளீட்டுதலே எளிய வழியாய் இருந்திருக்கும். ஹெக்டர் அவ்வாறு செய்தாரல்லர். நடிகரும் எழுத்தாளரும் தொழில்நுட்பத்தாரும் உள்நாட்டு நிகழ்ச்சிகளை மிகுவிக்குமாறு கிளர்ச்சி செய்தபோது, தமக்கு ஊதியம் தருவோரைப் பகைத்தும் அவர்பக்கமே நின்றார். 1975ஆம் ஆண்டளவில், சில மாத இடைவெளிக்குள், மூன்று பொலிஸ் தொடர்களையும் நிறுத்த நிலையங்கள் முடிவுசெய்தன. அவர்தம் கோரிக்கைக்கு இது தண்டனையே என அக்காலத்தார் பலர் கருதினர். காரணம் எதுவாயினும், ஒரு தலைமுறைக்கு மேலாகச் சேர்த்து வளர்த்த கலைஞர் பலரை வேலையினின்று நீக்க வேண்டிய இடர் அவர்க்கு நேர்ந்தது. தாம் உண்மையென நம்பியதைக் கூறியதற்கு விலையாகத் தம்மைச் சார்ந்தோரின் வருவாய் போவதைக் காண்பது எத்தலைவர்க்கும் பெருந்துயரன்றோ!

அவ்வீழ்ச்சியிலிருந்து நிறுவனத்தை நிமிர்த்தியது 1976ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய த சலிவன்ஸ் என்னும் குடும்பக் கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெல்பேணின் கம்பவெல் பகுதியில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பமொன்றின் இன்பதுன்பங்களை அது சித்திரித்தது. தந்தையாகப் போல் குரோனினும், தாயாக லொரெய்ன் பெய்லியும் நடித்தனர். அத்தாய் இலண்டனிற் குண்டுவீச்சுக்கு இரையானபோது, சொந்த உறவினரை இழந்தாற்போல் நாடே வருந்தியது. 1983 வரை 1,100க்கு மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாயின. பிரித்தானியா முதலிய நாடுகளும் அதனை விலைக்கு வாங்கின. பிறநாட்டு நாடகங்களையே வாங்கிவந்த நாடு தன் நாடகத்தைப் பிறநாட்டுக்கு விற்றது. பின்னர், தொலைதூரத்து மக்களுக்கு விமானத்திற் சென்று மருத்துவம் புரிவோரைப் பற்றிய த பிளையிங் டொக்டர்ஸ் என்னும் தொடர் 1986 முதல் 1992 வரை நிகழ்ந்து, ஐரோப்பாவிலும் புகழ்பெற்றது.

இவ்விடத்தில் டொரதி அம்மையாரின் தொண்டினைக் கூறாது விடுதல் பெரும்பிழையாகும். எழுத்துப்பிரதிகளைச் செப்பஞ் செய்தல், பாத்திரத்துக்கு ஏற்ற நடிகரைத் தெரிதல், குரலையும் உச்சரிப்பையும் பயிற்றுதல் ஆகிய உள்வேலைகள் பெரிதும் அவருடையன. புகழ் தம்பியின் பெயரைச் சூழ்ந்ததாயினும், அவர்தம் நாடகங்களிலே கேட்ட பேச்சின் இயல்புக்கு உழைத்தவர் தமக்கையாரே. அவர் 1988இல் மறைந்தார். இவ்விருவரிடத்தும் தொழில் கற்ற எழுத்தாளரும் நெறியாளரும் நடிகரும் பின்னாளில் அந்நாட்டின் திரைப்படத்துறையையும் தொலைக்காட்சித்துறையையும் நிரப்பினர். கலைக்கூடம் நடத்தியோர் என்பதினும் பள்ளிக்கூடம் நடத்தியோர் என்று அவர்களைக் கூறல் பொருந்தும்.

குறைகூறுவோரும் இல்லாமலில்லை. இந்நாடகங்கள் தொழிற்சாலைப் பண்டம்போல் விரைந்து ஆக்கப்பட்டன என்றும், பொலிஸாரின் பார்வையிலேயே உலகைக் காட்டின என்றும் திறனாய்வாளர் கூறினர். அவ்வுரைகளில் உண்மை உண்டு. வாரந்தோறும் ஒரு நாடகம், குறைந்த பணம், குறுகிய காலம் என்னும் நெருக்கடியில் எல்லாம் செம்பொன்னாய் அமைதல் அரிது. ஆயின், களமே இல்லாதவிடத்தில் விளைச்சலின் தரத்தைப் பற்றி வாதிட இயலாது. முதலில் நிலத்தை வெட்டித் திருத்தியவர் ஹெக்டர்.

அவர் 1968இலும் 1979இலும் பிரித்தானிய முடியின் விருதுகளையும், 1986இல் அவுஸ்திரேலிய நாட்டின் உயர் விருதினையும் பெற்றார். தொலைக்காட்சிக் கலைஞரைச் சிறப்பிக்கும் லோகி விருதுக்குழுவினர் 1984இல் புகழ்மண்டபம் ஒன்றை நிறுவியபோது, அதில் முதலிடம் அவர்க்கே அளித்தனர். 1980களின் பிற்பகுதியில் நிறுவனம் பிறர் கைக்கு மாறிற்று. 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் ஹெக்டர் குரோபோர்ட் மெல்பேணிற் காலமானார்.

1985 முதல் ஒளிபரப்பான நெய்பர்ஸ், 1994 முதல் ஒளிபரப்பான புளூ ஹீலர்ஸ் முதலிய தொடர்கள் பிறர் ஆக்கங்களாயினும், அவர் திறந்த வழியிலே நடந்தவையே. இன்று இணையவழியாக உலகின் பெருநிறுவனங்கள் ஒவ்வோர் இல்லத்துக்குள்ளும் நாடகங்களைக் கொணர்கின்றன. விலை மலிவாய் வருவதை ஏற்றுக்கொண்டு வாளாவிருப்பதா, பொருட்செலவாயினும் தம் வாழ்வைத் தாமே எழுதிக் காட்டுவதா என்னும் அதே வினா மீளவும் எழுந்துள்ளது. மண்வாசனையைப் பற்றி மேடையேறிப் பேசுவது எளிது. அவ்வாசனைக்காகக் கைப்பொருளையும், பெற்ற நட்பையும், நிறுவிய தொழிலையும் ஒருங்கே பணயம் வைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராக ஹெக்டர் குரோபோர்ட்டின் பெயர் நிலைபெறுவதாகும்.