இமயத்தைப் படம்பிடித்த சாமுவேல் போர்ண்

இமயமலையை நேரிற் கண்டவர் நம்மிற் சிலரே. படத்திற் காணாதவர் எவருமிலர். நாட்காட்டியிலும் பாடநூலிலும் வீட்டுச் சுவரிலும் பனி மூடிய சிகரங்களைச் சிறுவயது முதலே பார்த்து வருகிறோம். அத்தகைய படம் ஒன்றை எடுப்பதற்கு ஒருகாலத்தில் எத்தனை தோள்கள் சுமை தாங்கின என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இமயத்தின் உயர்ந்த கணவாய்களிலே கமராவை நிறுத்திப் படமெடுத்து, அவற்றை விற்றுப் புகழும் பொருளும் ஈட்டிய சாமுவேல் போர்ண் என்னும் ஆங்கிலேயரின் வரலாற்றைப் படிக்கும்போது அவ்வெண்ணம் தானே எழுகின்றது.

போர்ண் 1834ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி மத்திய இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டிற் பிறந்தார். 1855இல் நொற்றிங்காம் நகரத்து வங்கியொன்றில் எழுதுவினைஞராக அமர்ந்தார். மாதம் பிறந்தாற் சம்பளம், மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத நிழலான உத்தியோகம். நம் ஊர்ப் பெற்றோர் தம் மக்களுக்காக நேர்த்தி வைக்கும் வாழ்வு அவருக்கு இருபது வயதளவிலேயே கிடைத்துவிட்டது. ஆயினும் அவருடைய உள்ளம் பேரேட்டில் நிற்கவில்லை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் கமராவுடன் மலைகளையும் ஏரிகளையும் நாடிச் சென்றார். 1859இல் நொற்றிங்காமிலும் 1862இல் இலண்டன் சர்வதேசக் கண்காட்சியிலும் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. பார்த்தவர்கள் மெச்சினர். அந்த மெச்சுதலை நம்பி வங்கியை விட்டு நீங்கி, 1863ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அங்கிருந்து சிம்லாவுக்குச் சென்றார். அந்த இடத்தைத் தெரிந்ததில் வியாபார நுட்பம் இருந்தது. கோடை வந்ததும் ஆங்கில அதிகாரிகளும் படைத்தலைவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் சிம்லாவுக்கு ஏறிவிடுவர். 1864இல் அது அரசின் கோடைத் தலைநகராகவே ஆக்கப்பட்டது. தாயகத்துக்கு அனுப்புவதற்கும் திரும்பிச் செல்கையிற் கொண்டு போவதற்கும் அவர்களுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. அங்கே ஹவாட் என்பவருடன் போர்ண் கூட்டுச் சேர்ந்தார். பின்னர் சாள்ஸ் ஷெப்பேட் வந்து இணைந்தார். ஹவாட் விலகியபின் ‘போர்ண் அன் ஷெப்பேட்’ என்ற பெயர் நிலைத்தது. மலையேறிப் படமெடுப்பவர் போர்ண். கடையிலிருந்து அவற்றைக் காகிதத்திற் பதித்துக் கொடுப்பதில் வல்லவர் ஷெப்பேட்.

அக்காலத்துப் புகைப்படக்கலை இன்றையது போன்றதன்று. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துப் பின் ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்தெடுத்த கொலோடியன் என்னும் பசையை ஒரு கண்ணாடித் தட்டின்மேற் சீராக ஊற்றவேண்டும். அத்தட்டை இருட்டிலே வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தவேண்டும். ஈரம் உலருமுன் கமராவில் வைத்துப் படமெடுத்து, ஈரம் உலருமுன்னே இருட்டுக்குக் கொண்டுவந்து மருந்திட்டு உருவத்தை வெளிப்படுத்தவேண்டும். உலர்ந்தால் எல்லாம் வீண். ஆகவே படமெடுப்பவன் எங்கே நிற்கிறானோ அங்கே அவனுடைய இருட்டறையும் நிற்கவேண்டும். மலையுச்சிக்குப் போவதானால் கூடாரமும், மருந்துப் போத்தல்களும், தட்டுகளைக் கழுவ நல்ல நீரும் கூடவே ஏறவேண்டும்.

இன்னுமொன்று உண்டு. சிறு படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று அரிது. கண்ணாடித் தட்டை முட்டை வெண்கரு பூசிய காகிதத்தின்மேல் வைத்து வெயிலிற் காட்டுவார்கள். தட்டு எவ்வளவோ படமும் அவ்வளவே. சுவரில் மாட்டவும் பெரிய தொகுப்பேட்டில் ஒட்டவும் தகுந்த படம் வேண்டுமானால், 12 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள கண்ணாடியையே மலைமேற் சுமந்து செல்லவேண்டும். சிம்லாக் கடையில் ஒருவர் விரும்பிய படத்தின் அளவு மலைப்பாதையில் மற்றொருவர் முதுகின் சுமையாயிற்று.

1863ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி போர்ண் முதற் பயணம் புறப்பட்டார். சுமை தூக்குவோர் முப்பது பேரளவில் உடன் சென்றனர். சத்லஜ் நதிப் பள்ளத்தாக்கு வழியே, கின்னர் கைலாசம் எதிரே தோன்றும் சினி என்ற ஊருக்கும் (இன்று கல்பா எனப்படுவது) அதற்கப்பால் ஸ்பிற்றி எல்லைக்கும் சென்றார். 15,000 அடிக்கு மேற்பட்ட கணவாயொன்றில், விரல்கள் விறைத்து மருந்துப் போத்தலைப் பிடிக்கமாட்டாத நிலையிலும் தட்டை ஆயத்தஞ் செய்து படமெடுத்தார். ஒக்டோபர் 12ஆந் திகதி 147 தட்டுகளுடன் சிம்லா திரும்பினார். கண்ணாடிகளை உடையாமற் கொண்டுவந்து சேர்த்ததே ஒரு சாதனைதான்.

இமயத்தைக் கண்ட மாத்திரத்தே அவர் பரவசமடைந்தார் என்று யாரும் எண்ணவேண்டாம். இங்கிலாந்தின் ஏரிக்கரைகளில் அழகு பயின்ற கண் அவருடையது. நீர், மரம், ஒரு பாலம், தூரத்தில் மலை என்று சித்திரம்போல் அமைந்த காட்சியையே அவர் தேடினார். இமயமோ கமராவுக்கு அடங்காத பெருமையுடையதாய், நீரும் பசுமையும் இன்றி நின்றது. இக்குறையை அவர் எழுத்திலும் கூறியிருக்கிறார். 1864இல் ஒன்பது மாதப் பயணமாகக் காங்ரா, சம்பா வழியே காஷ்மீரம் சென்றபோதுதான் அவர் மனம் நிறைந்தது. ஸ்ரீநகரத்து ஏரியும் நெட்டை மரச் சாலைகளும் அவருக்குப் பிடித்தமானவை. ஆயினும் இன்று நம்மை நிறுத்திவைப்பவை அவர் குறைப்பட்டுக்கொண்டு எடுத்த வெறுமலைகளே என்பது என் கருத்து.

இனிச் சொல்லவேண்டியது மகிழ்ச்சியான செய்தியன்று. மலையிற் பயணஞ் செய்யும் வெள்ளையருக்கு வழியிலுள்ள கிராமங்கள் ஆள் கொடுக்கவேண்டும் என்பது அந்நாள் வழக்கம். உழவை விட்டு வருகிறவனுக்குக் கிடைப்பது சிறு கூலி. மருந்தும் கண்ணாடியும் மட்டுமன்றித் துரையின் மதுவகையும் புத்தகங்களும் தட்டுமுட்டுகளும் அவன் முதுகிலே ஏறின. பனியிற் போகப் போதிய உடையில்லாமற் சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர்களும் உளர். அவ்வாறு ஓடியவர்களைப் போர்ண் தடியுடன் தேடிச் சென்று அடித்து இழுத்து வந்தார். இதனை வேறெவரும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இங்கிலாந்துப் புகைப்படச் சஞ்சிகையொன்றில் 1863 முதல் 1870 வரை எழுதிய கட்டுரைகளிலே அவரே கூச்சமின்றி எழுதியிருக்கிறார். அக்காலத்தார் பலர் அப்படித்தான் என்று சிலர் சமாதானம் கூறுவர். அடிபட்டவனுக்கும் அது அக்காலமே. படத்தின் அழகை ஒப்புக்கொள்வதற்காக இதனை மறைக்கவேண்டியதில்லை. இதனைச் சொல்வதற்காக அழகை மறுக்கவேண்டியதுமில்லை. இரண்டும் ஒரே மனிதன் செய்தவை. இத்தகைய கட்டாயச் சுமைக்கூலிக்கு எதிராகக் குமாவூன் மலைமக்கள் 1921ஆம் ஆண்டு மகர சங்கிராந்தி நாளிற் பாகேஸ்வரத்திலே திரண்டு, ஆள்கணக்குப் புத்தகங்களைச் சரயு நதியில் எறிந்தனர்.

மூன்றாவது பயணமே எல்லாவற்றினும் பெரியது. 1866ஆம் ஆண்டு யூலை மாதம் சிம்லாவை விட்டுக் குலு, லாகூல், ஸ்பிற்றி வழியாகச் சென்று 18,600 அடி உயரமுள்ள மணிருங் கணவாயை அடைந்தார். மூச்சு முட்டும் அவ்விடத்தில் முகில் விலகிய சிறு நேரத்துக்குள் கூடாரமடித்து, தட்டு ஆயத்தஞ் செய்து, சில படங்களை எடுத்து முடித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள்வரை அதனினும் உயரத்தில் எவரும் படமெடுக்கவில்லை என்பர்.

அங்கிருந்து இறங்கிக் கங்கோத்திரிக்குத் திரும்பினார். நம் முன்னோர் காலங்காலமாகக் கால்நடையாகப் போய்த் தரிசித்த இடம் அது. அதற்கும் அப்பால், பனிப்பாறையின் அடியிலிருந்து பாகீரதி வெளிப்படும் கோமுகம் 13,000 அடி உயரத்தில் உள்ளது. யாத்திரிகன் நீர் முகந்து வணங்கும் இடத்தில் போர்ண் கமராவை நாட்டினார். அக்காலத் தட்டுக்கு நீலநிறத்தில் உணர்ச்சி மிகுதி. வானம் வெறும் வெள்ளையாகிவிடும், தூரத்து மலை மங்கிவிடும். பனியும் கரும்பாறையும் ஒரே படத்தில் துலங்கச் செய்வது பெருங்கடினம். அவருடைய கோமுகப் படத்தில் பனிச்சுவரின் வெடிப்பும் கரையிலுள்ள கற்களும் தெளிவாகத் துலங்குகின்றன. பக்தியோடு எடுத்தாரோ விற்பனைக்கென எடுத்தாரோ, செய்த தொழிலில் அவர் குறை வைக்கவில்லை.

விற்பனை முறையும் அறியத்தக்கது. ஒவ்வொரு கண்ணாடித் தட்டிலும் ஓர் இலக்கமும் போர்ண் என்ற கையெழுத்தும் கீறப்பட்டன. இலக்கப்படி அச்சிட்ட பட்டியலைப் பார்த்து வேண்டிய காட்சியைத் தெரிந்து கேட்டால், தட்டிலிருந்து புதிதாகப் பதித்துப் பொன் கலந்த மருந்தால் நிறமூட்டிக் கொடுப்பர். ஒருமுறை சுமந்த கண்ணாடி ஆண்டுக்கணக்காகப் பணம் ஈன்றது. பட்டியலில் மலையின் பெயர் உண்டு, உயரம் உண்டு. சுமந்தவன் பெயர் மட்டும் இல்லை.

1867இல் இங்கிலாந்து சென்று மணம் முடித்துத் திரும்பிய போர்ண், 1869இல் தெற்கே வந்து தஞ்சைப் பெருங்கோவிலையும் மதுரையையும் படம்பிடித்தார். 1870இல் இந்தியாவை விட்டே நீங்கிவிட்டார். ஏழாண்டளவில் அவர் எடுத்தவை ஏறக்குறைய 2,200. நொற்றிங்காமிலே மைத்துனருடன் பருத்திநூற் தொழில் தொடங்கிச் செல்வரானார், நீதவானாகவும் இருந்தார், ஓய்வில் நீர்வர்ணச் சித்திரம் தீட்டினார். இமயத்துக்கு அவர் மீண்டதில்லை. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி காலமானார்.

அவர் விட்டுச்சென்ற நிறுவனம் கல்கத்தாவில் நெடுங்காலம் நடந்து 2016இல் மூடப்பட்டது. 1991இல் நேர்ந்த தீவிபத்தில் அதன் பழைய சேமிப்பிற் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஆனால் யார் யாரோ விலைகொடுத்து வாங்கிக் கப்பலேற்றிய படங்கள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலும் வேறு பல இடங்களிலும் பத்திரமாக உள்ளன. கோமுகத்துப் பனிப்பாறை அவர் காலத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேற் பின்வாங்கிவிட்டது. 1866இற் பனிச்சுவர் நின்ற இடத்தில் இன்று யாத்திரிகர் கல்லையும் மணலையும் மிதித்து நடக்கின்றனர்.