குவேனிக்குச் சூட்டப்பட்ட பெயர்

புத்தளம் மாவட்டத்தின் வடக்கே, வில்பத்துக் காடு கடலைச் சந்திக்கும் கரையில் செம்மண் மேடாக உயர்ந்து நிற்கிறது குதிரைமலை. விஜயன் கரையிறங்கியதாக மகாவம்சம் கூறும் தம்பபண்ணி இப்பகுதியே எனக் கருதுவோர் உளர். விஜயன் கதையை அறியாதார் இந்நாட்டில் அரிது. ஆயின், அவனை அரசனாக்கிய குவேனியை நாம் எந்தச் சொல்லால் நினைவுகூருகிறோம் என்பது சிந்திக்கத்தக்கது.

விஜயனின் வருகைக்குச் சுமார் 1,000 ஆண்டுகளின் பின், கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது மகாவம்சம். ஆய்வாளர் பலர் இக்கதையை ஐதிகமென்றே கொள்வர். எனினும், ஒரு சமூகம் போற்றிவரும் ஐதிகம் அச்சமூகத்தின் அளவுகோலைக் காட்டிவிடும்.

மரநிழலில் நூல் நூற்றுக்கொண்டிருந்த நிலையில் குவேனி அறிமுகமாகிறாள். தந்தையால் நாடுகடத்தப்பட்டு 700 தோழருடன் வந்த விஜயன், அவளது கூந்தலைப் பற்றி வாளை ஓங்குகிறான். உயிருக்கு அஞ்சிய அவள் பசித்தோருக்கு உணவளிக்கிறாள், அவனுக்கு மனைவியாகிறாள், தன் இனத்தாரை வெல்ல வழிகாட்டுகிறாள். ஒரு மகனும் ஒரு மகளும் பிறக்கின்றனர். பின்னர், முடிசூடுவதற்கு உயர்குலக் கன்னி வேண்டுமென மதுரைப் பாண்டியனிடம் பெண் கேட்கப்படுகிறது. குவேனிக்கோ, பலிப்படையல் தருவதாகக் கூறி விடை கொடுக்கப்படுகிறது. பிள்ளைகளுடன் தன்னவரிடம் திரும்பியவளை ஒற்றறிய வந்தவளென்று ஐயுற்று, அவளது இனத்தான் ஒருவனே அடித்துக் கொல்கிறான்.

விஜயனின் முடிவு வேறு. பழைய தீய ஒழுக்கத்தை விட்டு 38 ஆண்டுகள் நல்லாட்சி செய்தானென்று அதே நூல் அவனைப் போற்றுகிறது. வரப்போகும் மனைவி கன்னியாக இருக்கவேண்டும். அவனது கடந்தகாலத்தை எவரும் கேட்கவில்லை. குவேனிக்கு எஞ்சியது இயக்கி என்ற பெயர் மட்டுமே. மானிடப் பெண்ணல்லள் என்று சொல்லிவிட்டால், அவளைக் கைவிட்டதற்கு எவரும் பதில் கூறவேண்டியதில்லை அல்லவா?

இந்த வசதியை எமது தமிழும் செய்து கொடுத்திருக்கிறது. கைவிடப்பட்டவள் வாழாவெட்டி, கைவிட்டவனுக்கு அப்படியொரு பெயரில்லை. ஓடுகாலி, வைப்பாட்டி ஆகியனவும் பெண்ணையே சுட்டுகின்றன. ஆணென்றால் சேற்றில் மிதித்த காலைக் கழுவிக்கொள்வான் என்று பழமொழி பேசி விட்டுவிடுகிறோம். மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக உழைத்து, குடும்பத்துக்குச் சோறு போட்டுத் திரும்பும் பெண்ணின் ஒழுக்கத்தை ஊர் ஆராய்கிறது. அவள் அனுப்பிய பணத்தில் இங்கே கணவன் எப்படி வாழ்ந்தான் என்று எவரும் விசாரிப்பதில்லை.

எமது மரபுகளில் இதற்கு மாற்றுக்குரல் இல்லாமலில்லை. கற்பு இருபாலாருக்கும் உரியதென்று பாரதி வாதாடினார். திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை முதலில் ஆண்களுக்கே இடுகிறது. ஒழுக்கமுள்ள பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதோருக்கு 80 கசையடி விதிக்கிறது. முச்சந்தியில் நின்று ஒரு பெண்ணுக்குப் பெயர் சூட்டுவோர் இவற்றை அறியாதவர்களல்லர்.

குவேனிக்கு இனி நியாயம் வழங்க எவராலும் இயலாது. அடுத்த வீட்டுப் பெண்ணைக் குறித்துப் பேசும்போது ஒரு சொல்லை விழுங்கிக்கொள்வது எம் எல்லோராலும் இயலும்.