இருளில் மலர்ந்த சிறுமலர்

சிறுமலர் தெரேசம்மாள் என்றதும் ரோஜா மலர்களை ஏந்திய புன்னகை முகமே நம் நினைவுக்கு வரும். அந்தப் புன்னகைக்குப் பின்னிருந்த காரிருளை அறிந்தோர் சிலரே.

1873ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த தெரேசா, 15 வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு, காசநோயால் அவர் வாயில் இரத்தம் வந்தது. மோட்சம் நெருங்குகிறதென்று அவர் மகிழ்ந்தார். ஆனால் அந்தப் பாஸ்கா காலத்திலேயே அவர் உள்ளத்தை இருள் சூழ்ந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற ஐயம் ஓயாது வாட்டியது. செபத்தில் ஆறுதல் கிட்டவில்லை.

ஆயினும் அவர் செபத்தைக் கைவிடவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஐயம் எழும்போதெல்லாம் அதனோடு வாதாடாமல் இயேசுவிடம் ஓடினார். தம் வேதனையை விசுவாசமற்றோருக்காக ஒப்புக்கொடுத்தார். மடத்துச் சகோதரிகளிடம் எப்போதும்போல் முகமலர்ந்து பழகினார்.

ஏறத்தாழ 18 மாதங்கள் இப்படியே கழிந்தன. 1897 செப்டம்பர் 30 அன்று, தம் 24ஆம் வயதில், இறைவனிடம் கொண்ட அன்பை அறிக்கையிட்டபடி உயிர்நீத்தார். திருச்சபை 1925இல் அவரைப் புனிதராகவும், 1997இல் மறைவல்லுநராகவும் உயர்த்தியது.

தோழியரே, செபம் கசக்கும் நாள் நமக்கும் வரும். அன்றும் முழந்தாளிட்டு, விசுவாசப் பிரமாணத்தை ஒருமுறை சொல்வோம்.